இருட்டுப் பின்னணியில் கூந்தல் ஓரம் வெளிறித் தெரிகிறது: வழி சொல்லுங்கள்

போட்டோஷாப்பில் ஒரு கூட்டுப் படம். வெள்ளைப் பின்னணியில் எடுத்த பெண்ணின் உருவத்தை, அந்தி மங்கிய காட்டுப் பாதையில் நிறுத்த வேண்டும். முகம், உடை, காலடி நிழல் எல்லாம் பொருந்திவிட்டன. கூந்தல்தான் தகராறு. ஒவ்வொரு இழையைச் சுற்றியும் வெளிறிய கோடு. படத்தைச் சிறிதாக்கினாலும் கண்ணை உறுத்துகிறது.

இரண்டும் ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலக் கோப்பு), 16 பிட். ஆள் படம் 85 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100. காடு 35 எம்எம், ஐஎஸ்ஓ 1600. தொடுவானம் சரிபார்த்து, நாய்ஸும் (புள்ளிக் குருணை) சேர்த்தாயிற்று. முடி கருப்பு, சுருட்டை. பின்னணி விளக்கு கூடுதலாக இருந்ததால் வெள்ளை ஒளி இழைகளுக்குள் கசிந்திருக்கிறது.

உருவத்தைப் பிரித்தெடுக்கும் செலக்ட் அண்ட் மாஸ்க்கில் முடி ஓரத்தைத் திருத்தும் ரிஃபைன் எட்ஜ் பிரஷ், கூடவே ஓரத்தில் ஒட்டிய பின்னணி நிறத்தை மாற்றும் டீகன்டாமினேட் கலர்ஸ்: கோடு சாம்பலானது, போகவில்லை. நீலச் சானலை (படத்தின் நீல நிறப் பதிவு) நகலெடுத்து, கருப்பு வெள்ளை அளவை மாற்றும் லெவல்ஸால் இறுக்கி மாஸ்க் (பின்னணியை மறைக்கும் திரை) செய்தால் மெல்லிய இழைகள் அறுந்து, முடி ஹெல்மெட் மாதிரி ஆகிறது. தளர்த்தினால் கோடு மறுபடி வருகிறது. மாஸ்க்கை அப்ளை செய்து, ஓரத்து வெள்ளையை நீக்கும் ரிமூவ் ஒயிட் மேட் கொடுத்தேன், சுருள்களுக்குள் கரும்புள்ளிகள். அடியிலுள்ள படத்தோடு கலந்து கருமையாக்கும் மல்டிப்ளை வெளிர் பின்னணிக்குத்தான் கைகொடுக்கும், இங்கே முடியே இருட்டில் கரைகிறது. உருவத்துக்குள் மட்டும் பதியும் கிளிப்பிங் லேயரில் முடி நிறத்தைப் பூசியதுதான் ஓரளவு தேவலை, ஆனால் பளபளப்பு செத்துத் தட்டையாகிவிடுகிறது.

சாம்பல் பின்னணியில் மறுபடி எடுக்க வழியில்லை. மெல்லிய இழைகளும் பளபளப்பும் போகாமல், இந்த வெள்ளைக் கசிவை மட்டும் நீக்க எதை, எந்த வரிசையில் செய்வீர்கள்?