டைமர் ஓடும்போது முன்னால் நிற்பது நாம்தான்: தற்படம் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் ஸ்டூடியோவில் கல்யாண ஃபிலிம் ரோல் முடியும்போது 36 படத்தில் இரண்டு மூன்று ஃபிரேம் மிச்சம் இருக்கும். அதில் அப்பாவுக்குத் தெரியாமல் என்னையே எடுப்பேன். ஒருநாள் டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்துவிட்டார். ஃபிலிமை வீணாக்குகிறாயே என்று திட்டப்போகிறார் என்று விறைத்து நின்றேன், அவர் நேராக வந்து இரண்டு விரலால் என் மோவாயைத் தூக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் விலகினார். படத்தின் ஓரத்தில் அவர் கை விழுந்திருக்கிறது, என் முகம் அசைந்து கலங்கியிருக்கிறது. சாமுவேல் ஃபோசோவைப் பற்றிப் பிற்பாடுதான் படித்தேன். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கியில் 1975இல், 13 வயதில் ஸ்டூடியோ திறந்தவர், மிச்ச ஃபிலிமில் தன்னை எடுத்து நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார். அவருக்கு அனுப்ப ஆள் இருந்தது. நான் யாருக்காக எடுத்தேன் என்று இன்னும் பிடிபடவில்லை.

*

எனக்கு முகத்தில் வெண்புள்ளி. எந்தப் படத்திலும் மறுபக்கத்தைத்தான் காட்டுவேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம் போனில் நேராக எடுத்தேன். கண்ணாடியில் இடப்பக்கம் தெரிவது படத்தில் வலப்பக்கம் இருந்தது, என் போன் அப்படித்தான் சேமிக்கும். வேறு யாரோ ஒரு பெண் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடி அவளை எனக்குப் பிடித்திருந்தது.

*

மேலே எழுதிய சகோதரி கோபிக்க வேண்டாம், கையை நீட்டி எடுப்பது செல்ஃபி, தற்படம் வேறு. செல்ஃபியில் நம்மைப் பார்த்துச் சரிசெய்துகொண்டே எடுக்கிறோம். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய் நின்றால்தான் நம் கட்டுப்பாடு போகும். அப்படி எடுத்த படத்தில் என் வலது தோள் இறங்கியிருந்தது, 20 வருடம் பை சுமந்த தோள், அதுவரை எனக்குத் தெரியாது. சரி, எடுக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நிற்கப்போகும் இடத்தில் ஒரு துடைப்பத்தை நிறுத்தி அதில் ஃபோகஸ் செய்து, உடனே ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்சுவர்தான் தெளிவாக விழும். லென்ஸின் திறப்பை எஃப் 8இல் வைத்தால் கொஞ்சம் முன்பின் நின்றாலும் தப்பிக்கலாம். டைமர் 2 நொடி போதாது, 10 வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். எடுத்த அன்றே எதையும் அழிக்காதீர்கள், ஒரு வாரம் போகட்டும்.

*

வெண்புள்ளி பற்றி எழுதியவள்தான். கையை நீட்டி எடுத்தேன் என்று நான் சொல்லவே இல்லை, அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து எடுத்தது. அப்புறம், பார்த்துக்கொண்டு எடுத்தால் தற்படம் இல்லையா? புகைப்படக்காரர் விவியன் மேயர் கண்ணாடியிலும் கடை ஜன்னலிலும் தன்னைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டே இருந்தார், 2007இல் சிகாகோவில் அவருடைய படங்கள் இருந்த பெட்டிகள் ஏலம் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. அவருடையதை என்னவென்று சொல்வீர்கள்?

அழிக்க வேண்டாம் என்றீர்களே, அது உண்மை. நான் அன்று சாயங்காலமே அழித்துவிட்டேன். அதே இடம், அதே டப்பா, அதே வெளிச்சம் என்று எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தாயிற்று. நான்தான் என்று முன்பே தெரிந்துவிடுகிறது, அவள் வருவதில்லை.