டிரினிடாட் கார்னிவல் பாட்டுக்கு எங்கள் ஆச்சி ஆடுவாரா?

கொட்டாஞ்சேனை மகள்:
எங்கள் ஒழுங்கையில் டிசம்பர் 31 இரவு என்றால் பைலாப் பாட்டும் ஆட்டமும்தான். கதிரைகளைச் சுவரோரம் அடுக்கியதும் முதலில் இறங்குபவர் பக்கத்து வீட்டு ஆச்சி. வயது 76. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார் என்றால் பிறகு ஒருவரும் வாசலில் நிற்க முடியாது, கையைப் பிடித்து இழுத்துவிடுவார். சென்ற வாரம் கரீபியன் தீவான டிரினிடாட்டின் கார்னிவல் திருவிழாக் காணொளி பார்த்தேன். திருநீற்றுப் புதனுக்கு முந்திய இரண்டு நாளும் தெருவே ஆடுகிறது. அங்கும் ஒரு மூதாட்டி, அதே இழுவை! கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டை இங்கே போட்டால் ஆச்சிக்குக் கால் பிடிபடுமா? இரண்டு இசைக்கும் உறவு உண்டா?

றபான்காரன், வெள்ளவத்தை:
அக்கா, நேரடி உறவு இல்லை. பைலா இங்கே போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற ஆட்டத்திலிருந்து வளர்ந்தது. அதன் தாளம் ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாக விழும். அதனால்தான் உடம்பு ஊஞ்சல் போல அசைகிறது. கார்னிவலில் போடும் சோகா இசை நாலு எண்ணிக்கை, நேராக ஓடும். ஆச்சியின் கால் முதலில் தடுமாறும். அங்கத்தைய பழைய பாட்டு வகையான கலிப்சோவில், மெதுவான ஒன்றில் தொடங்குங்கள்.

மட்டக்குளி அண்ணன்:
தம்பி, தாளக் கணக்கு சரி. ஆனால் உறவே இல்லை என்று சொல்லாதே. நம் பாட்டன்மார் தோட்ட வேலைக்குக் கண்டிச் சீமைக்கு நடந்த அதே காலத்தில், 1845 முதல், இந்தியக் கூலிகள் டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். 1970களில் டிரினிடாட் பாடகர் லோர்ட் ஷோர்ட்டி அவர்களுடைய டோலக் அடியைக் கலிப்சோவோடு சேர்த்துத்தான் சோகாவை உருவாக்கினார். இன்னொன்றையும் ஆச்சிக்குச் சொல்லுங்கள். 1880களில் வெள்ளைக்கார அரசு அங்கே பறையடிக்கத் தடை போட்டது. சனங்கள் அடங்கவில்லை. மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், பெயின்ட் டின், கடைசியில் எண்ணெய்ப் பீப்பாய். பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழித்து, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சுரம் வைத்தார்கள். கார்னிவல் காணொளியில் கேட்கும் அந்த மணி போன்ற ஓசை அதுதான்.

கொட்டாஞ்சேனை மகள்:
அண்ணா, நேற்று மாலை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பாட்டுக்குக் கால் சேரவே இல்லை, தம்பி சொன்னது போலத்தான். பீப்பாய்க் கதையைச் சொன்னேன். பேசாமல் எழுந்து உள்ளே போனார். அலுமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்து, ஊசி, நூல், பொத்தான் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு, கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.