நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப் போவது, என்ன பேசுவது?

கூடல்வாசி:
அடுத்த வாரம் மூன்று பேரைப் பார்க்கப் போக வேண்டும். ஒருவர் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர். இன்னொருவர் பக்கவாதம் வந்து வார்டில் இருக்கிறார், பேச்சு வரவில்லை. மூன்றாவது, பிள்ளை பெற்று ஐந்து நாளான உறவுக்காரப் பெண். வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே பைதான்: சாத்துக்குடி, ஆப்பிள், பிரெட், ஒரு ஹார்லிக்ஸ். டயாலிசிஸ்காரருக்கு மட்டும் நாலு இளநீர் சேர்த்து வாங்கலாம் என்று நினைக்கிறேன், உடம்புக்குக் குளிர்ச்சி. இது சரியா? அங்கே போய் என்ன பேசுவது என்பதும் பிடிபடவில்லை.

உப்புக்கணக்கு:
இளநீரைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு டம்ளர் இளநீரில், அதாவது சுமார் 240 மில்லியில், ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒரு நாள் முழுவதற்குமே பொதுவாக 2,000 முதல் 2,500 மில்லிகிராம்தான் அனுமதிப்பார்கள். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் முதலில் அடிபடுவது இதயத் துடிப்பு. முன்கூட்டி வலியோ காய்ச்சலோ காட்டாமல் துடிப்பு நின்றுவிடக்கூடும். வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ், பேரீச்சை, உலர்திராட்சை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ஸ்டார் ஃப்ரூட் என்று விற்கும் ஐந்து முனைப் பழம் இன்னும் மோசம். அதிலுள்ள நச்சுப்பொருள் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மூளையைத் தாக்கும். விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பவுடரில் சர்க்கரையும் பாஸ்பரஸும் உண்டு, அதுவும் வேண்டாம். ஆப்பிளில் பொட்டாசியம் குறைவு, இரண்டு வாங்கலாம். அதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு.

தண்ணீர் விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலருக்குச் சிறுநீர் மிகக் குறைவாகவே போகும். குடித்ததெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கி, கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவு மில்லி என்று அளந்து குடிப்பார், தாகம் எப்போதும் இருக்கும். அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பதும், "நீங்களும் ஒரு வாய் காபி சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவதும் அவருக்குப் பெரிய சோதனை.

இன்னொன்று, கை. ஆறுதலாக நாம் கையைத்தான் பிடிப்போம். ஊசி குத்துவதற்காக ஒரு கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்தக் கையை அழுத்திப் பிடித்தால், பையை மாட்டினால் ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். பிறகு வேறு இடத்தில் மறுபடி அறுவை. மற்றக் கையைப் பிடியுங்கள். ஒரு முறை டயாலிசிஸ் என்பது சுமார் நாலு மணி நேரம். முடிந்து வரும்போது பிரஷர் இறங்கித் துவண்டிருப்பார். மறுநாள் காலையில் போனால்தான் அவருக்குப் பேச முடியும்.

பகல்ஷிப்ட்:
பக்கவாத நோயாளி பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் வாயில் எதையும் கொடுக்காதீர்கள், ஒரு வாய் தண்ணீர்கூட. விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். கெட்டியான கஞ்சியைவிட வெறும் தண்ணீர்தான் ஆபத்து, ஏனென்றால் அது வேகமாக ஓடிவிடும். சிலருக்கு உள்ளே போனாலும் இருமல் வராது, அதனால் "இருமவே இல்லையே, நல்லாத்தானே குடிச்சார்" என்பதை நம்ப முடியாது. உணவு செலுத்த மூக்கில் குழாய் போட்டிருந்தால் கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தியிருக்கும். "பாவம், சாஞ்சே கிடக்காரு" என்று அதை இறக்கிவிடுபவர்கள் பார்வையாளர்கள்தான். உணவு மேலேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

தூக்கி உட்கார வைப்பதற்காக, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசை தளர்ந்திருப்பதால் தோள் மூட்டு நழுவும். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை கட்டிலின் ஓரம் தாழத் தொங்கும். பார்க்க நன்றாக இல்லை என்று அதை எடுத்து மெத்தை மேல் வைத்தால் சிறுநீர் திரும்ப உள்ளே ஓடித் தொற்று வரும்.

பேச்சு வராதவருக்குப் புரிதலும் போய்விட்டதாக எடுத்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் மரியாதைக்குறைவு. பலருக்குப் பெரும்பாலும் புரியும், சொல் மட்டும் சிக்காது. கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு "இனி தேறுவாரா? எவ்வளவு செலவாச்சு? கடை என்னாகும்?" என்று பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்துக்கு நேரே உட்காருங்கள். சத்தம் போட வேண்டாம், காது கேட்கும். "வலிக்குதா?" என்பது போல, ஆமாம் இல்லை என்று தலையசைத்தால் போதுமான கேள்வியாக ஒன்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவர் சொல்லத் தேடும் வார்த்தையை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். திடீரென்று அழுதால் பதற வேண்டாம். அழுகையைக் கட்டுப்படுத்தும் பகுதி பாதிக்கப்பட்டாலும் அப்படி வரும். வேறு பேச்சுக்கு மெல்லத் திருப்பினால் பல நேரம் தணிந்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

தொட்டில்கயிறு:
ஐந்து நாள் குழந்தை வீட்டுக்கு: சளி, இருமல், காய்ச்சல், உதட்டோரக் கொப்புளம், இவற்றில் எது இருந்தாலும் போகாதீர்கள். பெரியவர்களுக்குச் சாதாரண உதட்டுக் கொப்புளம் பச்சைக் குழந்தையின் உயிரையே எடுக்கக்கூடிய ஹெர்பிஸ் தொற்று. உள்ளே போனதும் யாரும் சொல்வதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்படிச் செய்துவிட்டால், "கை கழுவிட்டு வாங்க" என்று பெரியவர்களிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பாரம் குறையும். தூக்கக் கேட்காதீர்கள், கொடுத்தால் வாங்குங்கள். முத்தம் கூடாது.

சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தில் உங்களைக் கூப்பிட்டால் அன்பாக மறுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

பேச்சில் நான் தவிர்க்கச் சொல்வது ஒரே கேள்வி: "பால் பத்துதா?" பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும், அடிக்கடி அழும். அதைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டால் தாய் மிரண்டுபோகிறாள். மன அழுத்தம் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தக்கூடும். "சிசேரியனா, அடடா" என்பதையும் விட்டுவிடுங்கள்.

கூடல்வாசி:
இளநீர் விஷயம் சத்தியமாகத் தெரியாது, நன்றி. அப்படியென்றால் பையில் என்ன இருக்கலாம்? பணமாகக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

மாடிப்படி:
நோயாளியை விட்டுவிட்டு, துணைக்கு இருப்பவரைப் பாருங்கள். வார்டுக்கு வெளியே பாயில் படுத்து எழுந்திருப்பவர் அவர்தான். நீளமான வயருள்ள சார்ஜர், வெந்நீருக்கு ஃபிளாஸ்க், ஒரு போர்வை, வீட்டில் சமைத்த சாப்பாடு. இதையெல்லாம்விட "இப்ப ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க" என்பது பெரிது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "நாளைக்குப் பையனை ஸ்கூல்ல விடட்டுமா?"

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பமாக இருந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதற்கான சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு அலைவதற்கு ஒரு ஆள் தேவைப்படும். ரத்தம் கேட்டிருந்தால் 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருப்பவர் கொடுக்கலாம். போன முறை கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும்.

பணம் தாராளமாகக் கொடுக்கலாம். தலையணைக்கடியில் வைக்காதீர்கள், தொலையும். கவரில் போட்டு, துணைக்கு இருப்பவர் கையில் தனியாகக் கொடுங்கள். மொய் மாதிரி எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் ஒரு கடனாக அவர்கள் மனதில் ஏறும். அப்புறம், பக்கவாதக்காரர் டிஸ்சார்ஜ் ஆகி பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒரு முறை வீட்டுக்குப் போங்கள். முதல் வாரக் கூட்டமெல்லாம் அதற்குள் வடிந்திருக்கும், பயிற்சிக்கு நடக்கவைக்க அந்த வீட்டில் இன்னொரு கை தேவைப்படும்.