எரிக்சன் வீடியோ: எல்லோரும் வளையத்தைப் பேசுகிறோம், கையைப் பேசுவோமா?

ஈசிஜி_பேப்பர்:
2021 ஜூன் 12, கோபன்ஹேகன். பின்லாந்துடன் டென்மார்க்கின் கால்பந்து ஆட்டம், முதல் பாதி முடியப்போகிற நேரம். த்ரோ-இன் வாங்கப் போன டென்மார்க் வீரர் எரிக்சன் அப்படியே சரிந்தார், யாரும் இடிக்கவில்லை. சக வீரர்கள் அவரை மறைத்து வளையமாக நின்றதைத்தான் எல்லோரும் பேசுகிறோம்; நான் சொல்வது உள்ளே உயிரைக் காத்த கைகளை. டென்மார்க் அணி டாக்டர் போய்ப் பார்த்தபோது மூச்சும் நாடியும் இருந்தன. கொஞ்ச நேரத்தில் நிலைமை மாறியது, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி) தொடங்கினார்கள், ஒரே மின் ஷாக்கில் ஆள் திரும்பினார். ஒருமுறை நாடி பார்த்துவிட்டு நிம்மதியாக நின்றிருந்தால் கதையே வேறு. விழுந்தவர்மேல் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

108_இஎம்டி:
நம்ம ஊரில் நேரம் போவது இங்கேதான். இதயம் நின்றதும் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். உடனே வலிப்புன்னு சாவிக்கொத்தைக் கையில் திணிப்பாங்க, ஒருத்தர் சோடா வாங்க ஓடுவார். அடுத்து, தரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து விட்டுவிட்டு ஓர் இழுப்பு. "மூச்சு வருதுப்பா, விடு" என்பாங்க. அது மூச்சே இல்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லைன்னா, 10 நொடிக்குமேல் யோசிக்க வேண்டாம். 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. வாயில் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க.

ஐசியூ_நைட்:
கட்டிலில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், தரையில் இறக்குங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகம், முழங்கை மடங்காமல், பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120. வேகத்தைப் பலரும் பிடித்துவிடுவார்கள். தவறுவது கையை எடுப்பதில்: களைத்ததும் நெஞ்சின்மேலேயே சாய்ந்துவிடுவார்கள், நெஞ்சு முழுக்க எழாது, இதயத்தில் ரத்தம் நிரம்பாது. ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. அதனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். விலா எலும்பு மளுக்கென்றால் கை இருக்கும் இடத்தைச் சரிபாருங்கள், நிறுத்தாதீர்கள். பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. ஆனால் நீரில் மூழ்கியவர், குழந்தை என்றால் மூச்சும் அவசியம். அங்கே காற்றுதான் முதலில் தீர்ந்திருக்கும்.

108_இஎம்டி:
ஏஇடி (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கையடக்க மெஷின்) கிடைத்தால்: நெஞ்சில் ஒட்டும் ஒரு பேட் வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். வேர்வையைத் துண்டால் துடைக்காமல் ஒட்டினால் பேட் வழுக்கும், மெஷின் பேடைச் சரிபார்க்கச் சொல்லியே நேரம் போகும். ஷாக் கொடுத்ததும் எல்லாரும் முகத்தையே பார்த்துட்டு நிப்பாங்க. நிக்கக் கூடாது, அடுத்த நொடியே அழுத்தணும்.

புதுசு_22:
எரிக்சனுக்கு ஐசிடி (உடலுக்குள் வைக்கிற, தானே ஷாக் கொடுக்கும் கருவி) வைத்திருக்காங்களே, அப்படிப்பட்டவர் விழுந்தால் தொடலாமா?

ஐசியூ_நைட்:
தாராளமாக. ஐசிடி ஷாக் கொடுத்தால் தொடுகிறவருக்கு லேசாகச் சுரீர் என்னலாம், அவ்வளவுதான். அந்தக் கருவி பெரும்பாலும் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் புடைப்பாகத் தெரியும். ஏஇடி பேடை அதன்மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்டுங்கள்.