எக்ஸ்ஆர்18 மிக்சருக்கு 60,000 ரூபாவுக்குள் என்ன டேப்லெட் (டேப்) வாங்கலாம்?

உப்புவெளி சவுண்ட்:
வணக்கம். திருகோணமலையில் சின்னதாக ஒரு சவுண்ட் செற் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, கலியாண வீடு, இடைக்கிடை நிலாவெளிக் கடற்கரையில் ஏதாவது நிகழ்ச்சி. போன வருடம் பாவித்த பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 ஒன்று வாங்கினேன். அதில் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டன்) ஒன்றும் கிடையாது, எல்லாம் வைஃபையில் இணைத்த டேப்பின் திரையில்தான். இதுவரை மகளின் பழைய 7 அங்குல டேப்பால் சமாளித்தேன்.

போன மாதம் ஒரு கோயில் திருவிழா. மிக்சர் மேளக்காரருக்குப் பக்கத்தில். நான் சனத்துக்குப் பின்னால், ஒரு 30 மீற்றர் தள்ளி. பின்னேரம் சரிபார்த்தபோது ஒரு குறையும் இல்லை. இரவு சாமி வெளியே வரும் நேரம் சனம் நிறைந்துவிட்டது. மொனிற்றர், அதாவது வாசிப்பவர்கள் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர், கூவத் தொடங்கியது. அதற்குச் சத்தம் போகும் ஆக்ஸ் 2ஐ இறக்குகிறேன், திரையில் ஃபேடர் இறங்குகிறது, சத்தம் இறங்கவில்லை. சனத்தை விலத்திக்கொண்டு ஓடிப்போய், கடைசியில் அந்த வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். நாதஸ்வரம் வாசித்த ஐயா அவ்வளவு நேரமும் வாசிப்பை விடவில்லை. இரண்டு கையும் வாத்தியத்தில், காதைப் பொத்தவும் வழியில்லை. அந்த முகம் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

இனி இப்படி நடக்கக் கூடாது. ஐபாட்தான் வேண்டுமா, அண்ட்ராய்ட் போதுமா? ரேம் எவ்வளவு பார்க்க வேண்டும்?

பழைய மிக்சர்:
தம்பி, டேப்புக்கு முதல் ரவுட்டரை வாங்குங்கள். எக்ஸ்ஆர்18இன் உள்ளே இருக்கும் வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும். பின்னேரம் வெறும் வீதியில் அது வேலை செய்யும். இரவு ஆயிரம் பேர் வந்தால் எல்லார் பையிலும் போன், அத்தனையும் அதே அலைவரிசையில். போதாததற்கு மனித உடம்பும் அலையை உறிஞ்சும்.

5 கிகாஹேர்ட்ஸ் உள்ள சாதாரண வீட்டு ரவுட்டர் போதும், இணையம் தேவையில்லை. மிக்சரின் லான் துளையில் இருந்து ரவுட்டருக்கு ஒரு வயர். மிக்சரில் இருக்கும் சின்ன சுவிட்சை ஈதர்நெட் (வயர் இணைப்பு) பக்கம் தள்ளுங்கள். ரவுட்டரைத் தரையில் வைக்காமல் ஸ்பீக்கர் ஸ்டாண்டில் தலைக்கு மேலே கட்டுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலைக்கு டேப் வாங்கினாலும் அதே ஓட்டம்தான் ஓடுவீர்கள்.

இன்னொன்று. இணையம் இல்லை என்று கண்டால் அண்ட்ராய்ட் தானாக வேறு வைஃபைக்கோ சிம் டேட்டாவுக்கோ தாவப் பார்க்கும். அந்தத் தாவலை செற்றிங்ஸில் நிறுத்திவிடுங்கள். நான் டேப்பில் சிம்மே போடுவதில்லை.

கடற்கரை மேடை:
அண்ணா சொன்னது சரி. டேப்பைப் பற்றி நான் சொல்கிறேன். அண்ட்ராய்ட் தாராளமாகப் போதும், 4 ஜிபி ரேமே காணும். சத்தத்தைக் கலக்கும் வேலை நடப்பது மிக்சருக்குள். டேப் வெறும் ரிமோட். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், மலிவானவை சிலவற்றில் கிடையாது. 1024×600 திரை வேண்டாம், ஃபேடருக்குப் பக்கத்து எழுத்தே தெரியாது. பாவித்த சாம்சுங் ஏ9 பிளஸ் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்: 11 அங்குலம், 1920×1200.

மிக்சரை டேப்பில் இருந்து இயக்கும் மிக்சிங் ஸ்டேஷன் செயலியைக் கடையிலேயே இறக்குங்கள். மிக்சர் இல்லாமலும் திறந்து பார்க்கலாம். நாலு விரலால் நாலு ஃபேடரை ஒன்றாகத் தள்ளுங்கள். ஒன்று நின்றாலும் அந்த டேப் வேண்டாம். அப்புறம் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். நிலாவெளியில் பின்னேரம் 4 மணிக்குத் திரை கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். விரலில் வியர்வையும் உப்பும் சேர்ந்தால் தொடுதிரை தானாக இழுபடும். மடியில் எப்போதும் ஒரு பருத்தித் துண்டு வைத்திருப்பேன்.

உப்புவெளி சவுண்ட்:
இருவருக்கும் நன்றி. ரவுட்டரை முதலில் வாங்கிப் பழைய டேப்போடு பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த டேப்புக்கு 5 கிகாஹேர்ட்ஸ் தெரியவே இல்லை. ஆகவே இரண்டும் வாங்கினேன். டேப் பாவித்ததுதான், 10 அங்குலம். கடையில் நாலு விரலும் வேலை செய்தது.

நேற்று ஒரு கலியாணம். மண்டபம் நிறையச் சனம். கடைசி வரிசைக்கும் பின்னால், சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் நடந்துபோய்க் கெட்டிமேளத்துக்கு மொனிற்றரைக் கொஞ்சம் இறக்கினேன். உடனே இறங்கியது. அதே நாதஸ்வர ஐயாதான் வந்திருந்தார். வாசித்து முடித்ததும் மொனிற்றர் பெட்டியைக் காட்டி, இன்றைக்கு நல்லாக் கேட்டது என்றார். திருவிழா இரவுக்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.