புது ப்ரொஜெக்டர் மாட்டிய பிறகு ட்ரிகருக்கும் படத்துக்கும் இடைவெளி தாவுகிறது – உதவி தேவை

அலைபிடிப்பவன்: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் எம்.இ.ஜி (மூளையின் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் முறை) ஆய்வகத்தில் பழைய 60 ஹெர்ட்ஸ் ப்ரொஜெக்டரை எடுத்துவிட்டு 120 ஹெர்ட்ஸ், 1920×1080 டிஎல்பி (நுண்கண்ணாடிகளால் படம் காட்டும் வகை) ஒன்றை மாட்டியிருக்கிறோம். ப்ரொஜெக்டர் கவச அறைக்கு (வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் அறை) வெளியே இருக்கிறது. ஒளி சுவர்த் துளை வழியாகக் கண்ணாடியில் பட்டுத் திரைக்குப் போகிறது. படம் பளிச்சென்று இருக்கிறது. சிக்கல் நேரத்தில்தான். திரை மூலையில் வெள்ளைச் சதுரம் காட்டி அதன்மேல் ஃபோட்டோடயோடு (ஒளி உணரி) வைத்துப் பார்த்தால், ட்ரிகர் (படம் காட்டும் நேரத்தைக் குறிக்கக் கம்ப்யூட்டர் அனுப்பும் சிக்னல்) போன பிறகு ஒளி வரச் சில சமயம் 17, சில சமயம் 25 மில்லி செகண்ட் ஆகிறது. பழையதிலும் தாமதம் உண்டு, ஆனால் மாறாது. விண்டோஸ், சைக்டூல்பாக்ஸ் (சோதனைப் படங்களைக் காட்டும் மென்பொருள்). நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. எங்கே தேடுவது?

நியூரான்வாசி: கிராபிக்ஸ் கார்டு பழசா? நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்களேன்.

ஒளித்துகள்: அவசரப்பட்டுச் செலவு வைக்காதீர்கள். 17க்கும் 25க்கும் வித்தியாசம் சுமார் 8.3, அது 120 ஹெர்ட்ஸில் சரியாக ஒரு ஃப்ரேம். ப்ரொஜெக்டர் தாமதப்படுத்தினால் பெரும்பாலும் ஒரே அளவில்தான் தாமதப்படுத்தும். இப்படித் தாவினால் எனக்குச் சந்தேகம் கம்ப்யூட்டர் பக்கம்தான். ஆபரேட்டர் மேசையிலும் அதே படம் தெரிகிறதா? எப்படிக் கொடுத்திருக்கிறீர்கள்?

அலைபிடிப்பவன்: ஆமாம் சார், விண்டோஸிலேயே டூப்ளிகேட் போட்டிருக்கிறது. மேசை மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்.

ஒளித்துகள்: அங்கேதான் பாருங்கள். படம் மாறும் நேரத்தை ஏதாவது ஒரு திரையோடுதான் ஒத்திசைக்க முடியும். அது உங்கள் மேசை மானிட்டராக இருந்தால், ப்ரொஜெக்டரில் படம் எப்போது விழும் என்பது அதிர்ஷ்டம்தான். முதலில் மானிட்டரைக் கழற்றிவிட்டு, ப்ரொஜெக்டர் மட்டும் இருக்கும்போது அளந்து பாருங்கள். சரியாகிவிட்டால் அப்புறம் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து ஒரே சிக்னலை இரண்டுக்கும் கொடுங்கள். ஆனால் மானிட்டரும் 120 தாங்க வேண்டும்; இல்லையென்றால் சில ஸ்ப்ளிட்டர்கள் எல்லாவற்றையும் 60க்கு இறக்கிவிடும்.

கீஸ்டோன் திருத்தம் (சாய்ந்து விழும் படத்தை ப்ரொஜெக்டரே நேராக்குவது) போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். சாய்வை ப்ரொஜெக்டரின் காலைத் திருகிச் சரிசெய்யுங்கள். அந்தத் திருத்தம் பெரும்பாலும் படத்தை ஒரு ஃப்ரேம் பிடித்து வைத்துக்கொள்ளும், நுண்கோடுகளும் மங்கும்.

இன்னொன்று. டிஎல்பியில் நிறச்சக்கரம் (நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் சுழலும் வடிகட்டி) இருந்தால் ஃபோட்டோடயோடு அலை சீப்புப் பல் மாதிரி வரும். ஒளி வந்துவிட்டது என்று கணக்கிடும் அளவை முதல் பல்லின் ஏற்றத்தில் வையுங்கள். நடுப்பல்லில் வைத்தால் இல்லாத தாமதத்தைத் துரத்த வேண்டிவரும்.

அலைபிடிப்பவன்: மானிட்டரைக் கழற்றியதும் தாவல் போயே போச்சு, 17லேயே நிற்கிறது. கீஸ்டோனை அணைத்ததும் 9க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மிக்க நன்றி சார்! இந்த 9ஐப் பகுப்பாய்வில் கழித்துவிடலாமா?

ஒளித்துகள்: தாராளமாக, மாறாத வரைக்கும். ஆனால் ஃபோட்டோடயோடு சேனலை ஒவ்வொரு பதிவிலும் சேர்த்தே பதியுங்கள். பார்வைத் தூண்டலுக்கு (காட்டும் படத்துக்கு) எம்.இ.ஜியில் சுமார் 100 மில்லி செகண்டில் வரும் உச்சத்தை ஒப்பிடும்போது ஒரு ஃப்ரேம் பிசகுகூடக் கண்ணில் உறுத்தும். தூண்டல் அளவுகளைப் பிக்சலில் எழுதியிருந்தால் கோணமாக மாற்றுங்கள். பழையது 1024 பிக்சல் அகலம், திரையில் படத்தின் அகலம் அதேதான் என்றால், 1920க்குப் போனதில் உங்கள் 200 பிக்சல் வட்டம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருக்கும். பாதி ஆட்களைப் பழைய கருவியில் எடுத்த ஆய்வு ஏதும் கையில் இருந்தால், அது முடியும்வரை பழையதையே ஓட்டுவது நல்லது.

காந்தக்குழல்: எங்களுடையது 3 டெஸ்லா எஃப்.எம்.ஆர்.ஐ (மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்). நாங்களும் மாற்றப்போகிறோம். இந்த அளவுக்கு அளக்க வேண்டுமா?

ஒளித்துகள்: இரத்த ஓட்ட சிக்னலே 5, 6 செகண்ட் கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது, ஒரு ஃப்ரேமுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். உங்கள் தலைவலி வேறு. திரையோ கேபிளோ ஸ்கேனர் அறைக்குள் போனால், வடிகட்டி இல்லாத கேபிள் ரேடியோ இரைச்சலையும் உள்ளே இழுத்துவரும். படத்தில் கோடு விழும். ஆள் இல்லாமல் ஃபான்டம் (ஆளுக்குப் பதில் வைக்கும் சோதனைப் பொருள்) வைத்து, காட்சிக் கருவியை அணைத்து ஒரு ஸ்கேன், போட்டு ஒரு ஸ்கேன் எடுத்து ஒப்பிடுங்கள்.