300 எம்பி ஃப்ரீயாக இருந்தும் "பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 2" வருவது ஏன்?

வைகைக்கரை:
லினக்ஸ், x86, 16 ஜிபி ராம். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) சர்வர், எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 பைட். லோடு ஏறும்போது கெர்னல் லாகில் "ஆர்டர் 2, ஜிஎஃப்பி அட்டாமிக்" என்று பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர் வருகிறது. அந்த நேரத்தில் ஃப்ரீ மெமரி 300 எம்பி, பேஜ் கேஷ் (ஃபைல்களின் நகலை வைத்திருக்கும் மெமரி) 11 ஜிபி. கேஷைக் காலி செய்து கெர்னல் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? 9 கேபி பாக்கெட்டுக்கு ஏன் இடமில்லை?

ஸ்லாப்_மேஸ்திரி:
அது 9 கேபியே கேட்கவில்லை, 16 கேபி கேட்கிறது, அதுவும் ஒரே துண்டாக. கணக்கு இதோ. ஃப்ரேம் 9000 + ஈதர்நெட் ஹெடர் 14 = 9014. முன்னால் விடும் ஹெட்ரூம் 64 சேர்த்தால் 9078, 64-இன் மடங்காக்கினால் 9088. பஃபரின் வாலில் ஷேர்டு-இன்ஃபோ என்ற அமைப்பு, 64 பிட்டில் சுமார் 320 பைட். மொத்தம் 9408. கெர்னலுக்குள் மெமரி கேட்கும் ஃபங்ஷனான கே-மேலாக்கின் ஸ்லாப் கேஷ்கள், அதாவது அளவு வாரியாகப் பிரித்துவைத்த மெமரித் துண்டுகள், (4 கேபி பேஜ் உள்ள கெர்னலில்) 8192 வரைதான். அதைத் தாண்டினால் கோரிக்கை நேராக பேஜ் அலோகேட்டருக்குப் போகும். அங்கே இரண்டின் அடுக்கில்தான் கிடைக்கும்: 16384, அதாவது அடுத்தடுத்த நான்கு பேஜ்கள். இதுதான் ஆர்டர் 2 (ஆர்டர் 0 என்றால் ஒரு பேஜ், ஆர்டர் 1 என்றால் இரண்டு). ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கிட்டத்தட்ட 7 கேபி வீண்.

பேஜ் கேஷ் ஏன் உதவவில்லை என்றால், ரிசீவ் ரிங்கை (வரும் பாக்கெட்டுகளுக்கான காலி பஃபர்களின் வரிசை) நிரப்பும் வேலை சாஃப்ட்-ஐஆர்க்யூவில் (இன்டரப்ட்டைத் தொடர்ந்து ஓடும் கெர்னல் வேலை) நடக்கிறது. அங்கே தூங்க முடியாது. கேஷை விடுவிப்பது, பேஜ்களை நகர்த்தி ஒழுங்குபடுத்துவது இரண்டுமே காத்திருக்க வைக்கும் வேலைகள். அதனால் அட்டாமிக் (காத்திருக்காத) கோரிக்கை கே-ஸ்வாப்-டியை (பின்னணியில் மெமரியை விடுவிக்கும் கெர்னல் த்ரெட்) எழுப்பிவிட்டு, அந்தக் கணத்தில் கையில் உள்ளதைப் பார்க்கும், இல்லையென்றால் தோல்வி. ப்ராக்கில் உள்ள படி-இன்ஃபோவை (/proc/buddyinfo, ஒவ்வொரு ஆர்டரிலும் எத்தனை துண்டு காலி என்ற பட்டியல்) போடுங்கள். இடமிருந்து வலமாக ஆர்டர் 0, 1, 2...

வைகைக்கரை:
நார்மல் ஸோன்: ஆர்டர் 0-வில் சுமார் 58,000, ஆர்டர் 1-இல் 7,900, ஆர்டர் 2-இல் 11, அதற்கு மேல் பூஜ்யம். மின்-ஃப்ரீ-கேபைட்ஸ் (min_free_kbytes, கெர்னல் காலியாக வைத்திருக்க முயலும் குறைந்தபட்ச மெமரி, கேபியில்) 67584. டிரைவர் முழு ஃப்ரேமையும் ஒரே பஃபரில் வாங்குகிறது.

ரிங்பஃபர்:
அப்படியென்றால் முழுக்க ஃப்ராக்மென்டேஷன்தான். அந்த 300 எம்பியும் துண்டு துக்கடாவாகக் கிடக்கிறது.

சரியான தீர்வு டிரைவரில் இருக்கிறது. 9014 பைட்டை மூன்று தனித்தனி 4 கேபி பேஜ்களில் வாங்கி, எஸ்கே-பஃப்பில் (பாக்கெட்டைக் குறிக்கும் கெர்னல் அமைப்பு) ஃப்ராக்களாக, அதாவது தனித்தனித் துண்டுகளாகச் செருக வேண்டும். ஹெடரை மட்டும் 256 பைட் லீனியர் பகுதிக்கு காப்பி செய்தால் போதும். ஃப்ராக் உச்சவரம்பு வழக்கமாக 17, மூன்று தாராளமாக அடங்கும். எல்லாமே ஆர்டர் 0 ஆகிவிடும். 4.18-இல் வந்த பேஜ் பூலைப் பயன்படுத்தினால் பேஜ்கள் டிஎம்ஏ மேப்பிங்கோடு (கார்டு நேரடியாக மெமரியில் எழுதுவதற்கான ஏற்பாடு) மறுசுழற்சியாகும். ஒன்றில் கவனம் தேவை: ட்ரூசைஸில் (பாக்கெட் உண்மையில் பிடிக்கும் மெமரியின் கணக்கு) பேஜின் முழு அளவைக் கணக்கு காட்ட வேண்டும். டேட்டா நீளத்தை மட்டும் காட்டினால் சாக்கெட் வரம்பு ஏமாந்துபோய் மெமரி கணக்கில்லாமல் கரையும்.

இப்போதைய டிரைவரில் அதே ட்ரூசைஸ் எதிர்ப்பக்கமாகக் கடிக்கும். ஒரு ஜம்போ பாக்கெட் 16384 + 256 = 16640. டீஃபால்ட் ரிசீவ் பஃபர் 212992 (832 பைட் வீதம் 256 பாக்கெட் என்று வைத்த கணக்கு அது). ஆக யுடிபி சாக்கெட் ஒன்று 12, 13 பாக்கெட்டிலேயே நிரம்பிவிடும். டிசிபி தானே பஃபரை வளர்த்துக்கொள்வதால் என்எஃப்எஸ்ஸில் இது அவ்வளவாகத் தெரியாது.

இன்னொன்று, அந்த லாக் வரி வந்ததாலேயே பாக்கெட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த போலில் (டிரைவர் ரிங்கைப் பார்க்கும் சுற்று) ரிங் நிரம்பினால் சேதமில்லை. ஈத்டூல் (நெட்வொர்க் கார்டு விவரம் காட்டும் கருவி) கவுன்ட்டர்களில் ரிசீவ் மிஸ்டு ஏறுகிறதா பாருங்கள். மோசமான நிலை, ரிங் மொத்தமும் காலியாவது: பாக்கெட் வராது, இன்டரப்ட் வராது, போல் ஓடாது, ரிங் நிரம்பவே நிரம்பாது. விர்ச்சியோ-நெட்டில் (விர்ச்சுவல் மெஷின்களுக்கான நெட்வொர்க் டிரைவர்) இதற்காகவே சற்றுத் தாமதித்து மறுபடி நிரப்பும் வேலை ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் டிரைவரில் அது இருக்கிறதா என்று சோர்ஸைப் படியுங்கள்.

ஸ்லாப்_மேஸ்திரி:
டிரைவரைத் தொட முடியாவிட்டால், மின்-ஃப்ரீ-கேபைட்ஸை 262144 ஆக்குங்கள். கே-ஸ்வாப்-டி முன்னதாகவே விழிக்கும், அடுத்தடுத்த பேஜ்கள் கிடைக்க வாய்ப்பு கூடும். உத்தரவாதம் இல்லை. கண்டபடி ஏற்றினால் ஓஓஎம் (மெமரி தீர்ந்து கெர்னல் ப்ராசஸைக் கொல்வது) வரும். காம்பாக்ட்-மெமரியில் (/proc/sys/vm/compact_memory) 1 எழுதினால் உடனே ஒழுங்குபடும், ஆனால் அதை கிரானில் (குறித்த நேரத்தில் வேலை ஓட்டும் வசதி) போட்டு ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சிபியு தின்னும், சில நிமிடங்களில் மறுபடி சிதறும்.

ரிங்பஃபர்:
அதைவிட எம்டியுவைக் குறைப்பது நல்லது என்பேன். 4096 - 320 - 64 - 14 = 3698. விலான் டேக், எஃப்சிஎஸ் (ஃப்ரேம் முடிவில் வரும் பிழைச் சரிபார்ப்பு) போக 3600 என்று வைத்தால் பஃபர் ஒரே பேஜில் அடங்கும். ஜிஆர்ஓ (வரும் பாக்கெட்டுகளை ஒட்டும் கெர்னல் வசதி) பாக்கெட்டுகளை 64 கேபி வரை சேர்த்துக் கொடுப்பதால் வேகத்தில் பெரிய அடி இருக்காது. சில பழைய டிரைவர்கள் பஃபர் அளவை 2048, 4096, 8192, 16384 என்று படியாக எடுக்கும், அதன் மேல் ஹெட்ரூமையும் ஷேர்டு-இன்ஃபோவையும் கூட்டும். அப்படியானால் 3600 கூட ஒரு பேஜைத் தாண்டி 8 கேபி ஆகிவிடும், சோர்ஸில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதே லேயர்-2-வில் உள்ள எல்லா மெஷினிலும் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் 9000-இல் நின்றால் அது அனுப்பும் பெரிய யுடிபி பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் விழும். மாற்றியபின் ஃப்ராக்மென்ட் செய்யாதே என்ற கொடியோடு 3572 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். ஐபி, ஐசிஎம்பி ஹெடர் 28 சேர்ந்து சரியாக 3600 வரும். 3573 தோற்க வேண்டும்.